இரண்டு மாநிலமும் வேண்டாம் என்ற பதினான்கு மூட்டை

சுற்றுச்சூழலைக் காப்பாற்றக் கிளம்பியிருப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அதிலும் அவர்களுக்குப் பதினாறு வயதாகி, சட்டையில் 'தலைவி' என்று ஒரு பட்டையும் குத்தியிருந்தால் ஊரைவிட்டே போய்விடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பட்டையைக் குத்தியிருந்தவள் நான்தான்.

போடியில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் மறுசுழற்சி மன்றம் தொடங்கினார்கள். ஒவ்வொரு வகுப்பும் வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரித்து வர வேண்டும். திங்கட்கிழமை காலையில் தராசில் நிறுப்பார்கள். மாதக் கடைசியில் அதிக எடை சேர்த்த வகுப்புக்குச் சுழற்கோப்பை. (கோப்பையும் பிளாஸ்டிக்தான். அதற்கு மேலே ஒரு பாலிதீன் உறை வேறு.) எங்கள் ஏ பிரிவுக்கு நான் தலைவி. பெரிய போட்டியெல்லாம் இல்லை. "யாரு லீடரா வர்றீங்க?" என்று அறிவியல் டீச்சர் கேட்ட நேரத்தில் நான் சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான்.

ஆனால் பட்டையைக் குத்தியதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முதல் வாரம் நாங்கள்தான் முதலிடம். இரண்டாம் வாரம் பி பிரிவு முந்தியது. மூன்றாம் வாரம் போடியில் குப்பைக்கே பஞ்சம் வந்துவிட்டது. தெருவில் ஒரு கவர் பறந்தால் நாலு பிள்ளைகள் துரத்தினார்கள். பி பிரிவுக்காரிகள் பாட்டிலுக்காகவே குளிர்பானம் வாங்கிக் குடித்தார்கள். நான் மட்டும் யோக்கியமா? எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் காலி செய்வதற்காக எண்ணெயைச் செம்பில் ஊற்றி வைத்தேன். வெயிலில் வந்த அப்பா அதை அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எந்தச் செம்பைக் கண்டாலும் முதலில் மோந்து பார்க்கிறார்.

இந்த நிலையில்தான் எனக்கு மாமாவின் ஜீப் ஞாபகம் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி முருகேசன். ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போவார். சாயங்காலம் அவர்களைத் திரும்ப அழைத்து வருவார். எஸ்டேட்டில் பிளாஸ்டிக் நிறையக் கிடக்கிறது. ஜீப்பின் கூரை மேலே உள்ள கேரியர் சும்மாதான் வருகிறது. இரண்டையும் சேர்த்து யோசித்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். என் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்த எஸ்டேட்டுகளில்தான் காய் எடுக்கிறார்கள். அவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன்: சனிக்கிழமை தலைவி நேரில் வருகிறாள், சேர்த்து வையுங்கள்.

அம்மாவிடம் அனுமதி கேட்டபோதுதான் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது.

"சனிக்கிழமை சாயந்திரம் உங்க மாமனுக்குச் சிலமலையில பொண்ணு பார்க்கப் போறோம். ஆறரைக்கு வர்றோம்னு சொல்லியிருக்கு. ஏழு மணிக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிரும். உன்னால அவன் லேட்டா வந்தான்னு வையி, தோலை உரிச்சிருவேன்."

அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் நாலு இடம் வந்து நாலும் தட்டிப்போயிருந்தது. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஜீப் ஓட்டுகிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"மூணு மணிக்கெல்லாம் கிளம்பிருவோம்மா" என்று சத்தியம் செய்தேன். (தலையில் அடித்து வேறு. நல்லவேளை, அப்பா தலை.)

சனிக்கிழமை காலையில் மாமா முன்னேற்பாடாகவே வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கின. தாமதமானால் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாமாம். அவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் அந்தக் கவரை நான் உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். கெட்டிக் கவர், புத்தம் புதுசு. விட மனசு வரவில்லை.

எஸ்டேட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இருக்கிறதே, இன்றைக்கு வரைக்கும் எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை. மூன்று மூட்டை தேறும் என்று நினைத்துப் போனேன். பதினான்கு மூட்டை நின்றது. குப்பையை எடுத்துக்கொள்ள ஒரு பிள்ளை தானாக வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து எஸ்டேட்காரர்களும் கொண்டுவந்துவிட்டார்கள். டீக்கடைச் சேட்டன் கடைக்குப் பின்னால் கிடந்த மொத்தத்தையும் அள்ளி வந்தார். "மோளே, இதும் கொண்டுபொய்க்கோ" என்று ஒரு பரிப்புவடையும் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே கிடந்த பாட்டில்களில் மழைத்தண்ணீர் பாதிக்குப் பாதி நின்றது. அதைக் கவிழ்க்க மறந்துவிட்டதாகப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. மூடி கிடைத்த பாட்டிலை எல்லாம் நானே இறுக்க மூடினேன். தண்ணீருக்கும் எடை உண்டல்லவா?

மூட்டைகளைக் கேரியரில் ஏற்றிக் கட்டி முடித்ததும் மாமா நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ஏ நித்யா, இது ஜீப்பா தேரா?"

"திங்கட்கிழமை தெரியும் மாமா" என்றேன் பெருமையாக.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியது, மூன்றே முக்காலாகிவிட்டது. ஜீப்புக்குள் பத்துப் பெண்கள், நான், மாமா. போடிமெட்டில் முதலில் கேரளச் சோதனைச் சாவடி வரும். அங்கிருந்த அதிகாரி மேலே பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், முகமெல்லாம் மலரக் கை காட்டி அனுப்பினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு கூப்பிடு தூரத்தில் நம் சாவடி. அங்கே ஏட்டு ஒருவர் கை நீட்டி நிறுத்தினார்.

"மேல என்னப்பா லோடு?"

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் தலையை வெளியே நீட்டினேன்.

"குப்பை சார்! பதினாலு மூட்டை! எல்லாம் கேரளாவுலருந்து கொண்டு வர்றோம்!"

ஜீப்புக்குள் பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. கேரளக் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுவந்து நம் பக்கம் கொட்டுகிறார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. போன வாரம்தான் இதே சாவடி முன்னால் மறியல் நடந்திருந்தது. ஏட்டு குனிந்து மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீதானப்பா போன வாரம் இங்ஙன முன்வரிசையில நின்னு தொண்டை கிழியக் கத்துனது? 'ஒரு கவரு உள்ள வரக்கூடாது'ன்னு?"

மாமா தலையைக் குனிந்தார். "ஆமாண்ணே."

"உன் கோரிக்கையை ஏத்துக்கிட்டோம். வண்டியைத் திருப்பு."

நான் மறுசுழற்சியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். பட்டையைக் காட்டினேன். ஏட்டு அதுவும் பிளாஸ்டிக்கா என்று கேட்டார். வேறு வழியில்லாமல் மாமா திருப்பினார். கேரளச் சாவடியில் அதே அதிகாரி. இந்த முறை முகம் மலரவில்லை.

"தமிழ்நாட்டில நின்னு வேஸ்டோ? இவிடெ இறக்கான் பற்றில்லா." தமிழ்நாட்டுக் குப்பையை இங்கே இறக்க முடியாதாம்.

"சார், இது உங்க வேஸ்டுதான்! பத்து நிமிஷம் முன்னாடி நீங்கதான் கை காட்டினீங்க!" என்றேன்.

"போயது போயி" என்றார் அவர். போனது போனதுதானாம்.

ஆக, இந்திய நாட்டில் எந்த மாநிலமும் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பதினான்கு மூட்டையோடு இரண்டு சாவடிக்கும் நடுவில் நின்றோம். மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாதான். எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை, என்னிடம் நீட்டினார். எனக்கும் இல்லை. மூன்றாவது முறையாக ஜீப்பைத் திருப்பும்போது கயிறு அறுந்தது. மூட்டைகள் பொத்துப் பொத்தென்று விழுந்து, நாலைந்து வெடித்து, சாலை நிரம்பப் பாட்டில். தண்ணீர் நிறைந்தவை நிதானமாக நின்றன. காலி பாட்டில்கள் தமிழ்நாட்டைப் பார்த்து உருள ஆரம்பித்தன. ஏட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவற்றைத் தடுக்க ஓடியது எனக்கு இன்றும் கனவில் வரும்.

பின்னால் மற்ற எஸ்டேட் ஜீப்புகள் வந்து வரிசையாக நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது. "எவன்டா அவன் நடுரோட்டுல கடை போட்டவன்?" என்று யாரோ கத்தினார்கள். நான் தலைவிப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் எங்கள் ஜீப்பிலிருந்து பேச்சியம்மா அக்கா இறங்கினார். இருபது வருடமாக ஏலக்காய் எடுத்துத் தரம் பிரிக்கிறவர். சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு அதிகாரிகளுக்கும் நடுவில் போய் நின்றார்.

"சார், எதுக்குச் சண்டை? எல்லாத்தையும் இங்கனயே கொட்டுவோம். தமிழ் எழுத்து இருக்கறது இந்தப் பக்கம், மலையாள எழுத்து அந்தப் பக்கம். அவுகவுக குப்பைய அவுகவுக எடுத்துக்கிருங்க. காய் பொறுக்குற கைக்கு இதெல்லாம் ஒரு சோலியா?"

இரண்டு அதிகாரிகளும் யோசித்தார்கள். பிறகு, அந்த மலையில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன், இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

பத்துப் பெண்களும் சாலையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கண்ணால் பார்ப்பதற்குள் கை பிரித்துவிடுகிறது. முறுக்குக் கவர் இந்தப் பக்கம், நேந்திரங்காய் சிப்ஸ் கவர் அந்தப் பக்கம். சிக்கல் கொஞ்ச நேரத்தில் வந்தது. லேபிள் கிழிந்த ஒரு ஊறுகாய் பாட்டிலை ஏட்டு மோந்து பார்த்து, "இது நம்ம நார்த்தங்கா இல்ல" என்று தள்ளினார். கேரள அதிகாரி மோந்து பார்த்து, "ஞங்ஙளுடெ மாங்ஙா அல்ல" என்று திருப்பித் தள்ளினார். தண்ணீர் பாட்டில்களில் வெறும் இந்தியும் ஆங்கிலமும் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சியம்மா அக்காதான் தீர்ப்புச் சொன்னார்.

"அது மத்திய அரசு. தனியா வையி."

மூன்றாவதாக மத்திய அரசுக் குவியல் ஒன்று உருவானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டையும்விடப் பெரிதாக வளர்ந்தது.

மணி ஐந்து. மாமா வாட்சைப் பார்ப்பதும் கொக்கியைப் பார்ப்பதுமாக இருந்தார். கவர் இல்லாமல் தொங்கிய வெள்ளைச் சட்டை காலையிலிருந்து மலைப் புழுதி முழுவதையும் வாங்கிக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஜீப் படியில் உட்கார்ந்து, "விடு ஆத்தா, நமக்குக் கொடுப்பினை இல்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை. என் கோப்பை ஆசைக்கு அவர் வாழ்க்கையை அல்லவா மூட்டை கட்டிவிட்டேன்!

அந்த நேரத்தில் பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். ரப்பர் பூட்ஸ், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் ஏலக்காய்க் கறை.

"யாரு இதுக்கு லீடரு?"

ஒரே நொடியில் பத்து விரல் என்னைக் காட்டின. அவர் ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டையும் உதறினார்.

"எடைக்கா?"

நான் பூமாதேவியிடம் அவசர விண்ணப்பம் ஒன்று போட்டேன். பதில் இல்லை.

"நகருங்க எல்லாரும்" என்று உட்கார்ந்தவர், வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மாமாவையும் விடவில்லை. "அண்ணே, சும்மா நிக்காம அந்த மூட்டையப் பிடிங்க. வெரசா ஆகட்டும். எனக்கு ஆறு மணிக்கு வீட்டுல இருக்கணும்."

மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு மட்டுந்தான் சோலியா? நானும் ஆறரைக்குப் பொண்ணு பார்க்கப் போகணும்."

"என்னையவே பொண்ணு பார்க்க வர்றாக. நான் உக்காந்து குப்பை பொறுக்கல? பேசாமப் பிடிங்க."

மாமா மூட்டையைப் பிடித்தார். அந்தப் பெண் பாட்டில்களைப் போட்டார். இரண்டு பேரும் கடுகடுவென்று வேலை பார்த்தார்கள். பேச்சியம்மா அக்காவின் கை மட்டும் நின்றுவிட்டது.

"ஏத்தா," என்றார் மெதுவாக, "உனக்கு எந்த ஊரு?"

"சிலமலை."

"மாப்பிள்ளை எங்கருந்து வர்றாக?"

"போடியிலருந்து. யாரோ ஜீப்பு டிரைவராம்."

ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். சிலமலைப் பெண் நிமிர்ந்து, தான் பிடிக்கச் சொன்ன மூட்டைக்குப் பின்னால் நின்ற மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். மாமாவின் முழங்கையில் ஒரு சிப்ஸ் கவர் ஒட்டியிருந்தது. (கேரளா.)

"போட்டோவுல வெளுப்பா இருந்தீங்க?" என்றார்.

"அது... ஸ்டுடியோக்காரர் பண்ணது" என்றார் மாமா.

"எந்தா பிரஸ்னம்?" என்று கேரள அதிகாரி பதறிப்போய்க் கேட்டார். ஏட்டு அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். "ஐயோ, கல்யாணமோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை ஜீப்பும் சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர்கள், சாவடி டீக்கடைக்காரர், இரண்டு அதிகாரிகள் என்று முப்பது நாற்பது பேர். கால் மணி நேரத்தில் சாலை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மலையாளக் குவியலைக் கேரள அதிகாரி சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். மத்திய அரசைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம் பங்கு, தண்ணீரையெல்லாம் கவிழ்த்தபின், ஐந்து மூட்டைக்குச் சுருங்கி, காற்றைப் போலக் கேரியரில் ஏறியது.

மாமா ஸ்டார்ட் செய்யப் போனபோது ஏட்டு ஓடிவந்து சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி மாப்பிள்ளை போய் நின்னா நல்லாவா இருக்கும்? அந்த வண்டி முதல்ல போகட்டும். நீ பத்து நிமிஷம் கழிச்சு இறங்கு."

சிலமலை ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தலைத் துண்டை அவிழ்த்துவிட்டிருந்தார். மாமா வளைவு வளைவாகக் கீழே தெரிந்த அந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வழக்கமாக ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வருகிறவனைத் திட்டுகிறவர், அன்று ஒருத்தரையும் திட்டவில்லை.

பெண்களை அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சிலமலையில் அந்த வீட்டு வாசலில் இறங்கினோம். முன்பே வந்து காத்திருந்த அம்மா காப்பிப்பொடி நிறச் சட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாக அவர் காப்பித் தட்டோடு வந்தார். பெயர் ஈஸ்வரி. தலையை நிமிர்த்தவில்லை. மாமாவும் நிமிர்த்தவில்லை. இரண்டு பேரும் ஆயுசில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பதுபோல நடித்த நடிப்பைப் பார்த்து எனக்குக் காப்பி புரையேறியது.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "காலம் மாறிப்போச்சு. பிள்ளைக ரெண்டும் தனியா ரெண்டு வார்த்தை பேசணும்னாப் பேசட்டும்."

ஈஸ்வரி தட்டைக் கீழே வைத்தார்.

"பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சுப்பா. எனக்குச் சம்மதம்."

அம்மாதான் கேட்டாள்: "எப்ப?"

மாமா என்னைப் பார்த்தார். ஈஸ்வரி என்னைப் பார்த்தார். அதன்பின் அந்தக் கூடமே என்னைப் பார்த்தது. தண்ணீர் பாட்டில் விஷயம் மட்டும் நீங்கலாக எல்லாவற்றையும் சொன்னேன். அதை ஈஸ்வரி சேர்த்துச் சொன்னார்.

சுழற்கோப்பை பி பிரிவுக்குப் போனது. எங்கள் ஐந்து மூட்டையைத் தராசில் வைத்தபோது முள் கண் சிமிட்டியதோடு சரி. மூன்று மாதத்தில் நடந்த கல்யாணத்துக்கு ஏட்டும் வந்தார், கேரள அதிகாரியும் வந்தார். இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவரவர் இலையை அவரவர்தான் எடுக்க வேண்டும் என்று பேச்சியம்மா அக்கா போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஈஸ்வரி அத்தைக்கும் மாமாவுக்கும் இப்போது ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவர்கள் வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. இரண்டு பேருமே டிரைவர் மாதிரிதான் பேசுவார்கள். போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோதும் ஒன்று நடந்தது. எதற்கென்று ஞாபகமில்லை. மாமா மகளை இழுத்து நடுவில் நிறுத்தி, "நீயே சொல்லுத்தா, நீ அப்பா பக்கமா, அம்மா பக்கமா?" என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த கரும்பை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்றாள்.

"நான் மத்திய அரசு" என்றாள்.